மூன்று மணிக்குக் கதைப்போம் என்றார் அக்கா

அக்காவின் முதலாம் ஆண்டுப் பூசைக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கும் இந்த மலரில், அவரைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று கனடாவில் இருக்கும் தம்பி சொல்லிவிட்டான். குடும்பத்தில் வாய்க்காரி நான். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இத்தனை வருடமாகச் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துப் பழக்குகிறவளும் நான். "வடிவாய் எழுதுங்கோ சின்னக்கா" என்றான். வடிவாக எழுத எனக்கு இப்போது வராது. உள்ளதை எழுதுகிறேன். அக்கா நோயில் விழுந்த அன்றைக்கு நடந்ததைச் செத்த வீட்டில் உங்கள் எல்லோருக்கும் நான் மாற்றித்தான் சொன்னேன். நாலு மணிக்குத் திடீரென்று சரிந்துவிட்டார் என்று சொன்னேன். அது அப்படி நடக்கவில்லை. ஆறுதல் சொல்லி என் கையைப் பிடித்தவர்கள் எத்தனையோ பேர். அந்தக் கைகளை ஏமாற்றிவிட்டேன் என்ற எண்ணத்தோடு ஒரு வருடம் இருந்துவிட்டேன். இனிமேல் முடியாது.

அக்கா மன்னாரில் ஓலைத்தொடுவாயில் பிறந்தவர். கடற்தொழில் செய்த எங்கள் அப்பாவுக்கு மூன்று பிள்ளைகளில் மூத்தவர். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, அம்மாவோடு கருவாடு போட இறங்கினார். பின்னால் வந்த எங்கள் இரண்டு பேரையும் படிக்க வைக்கத்தான் அது. அதை அவர் ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. நான்தான் சண்டை வரும்போதெல்லாம், "நான் கேட்டனானோ?" என்று இல்லாத குத்தலுக்குப் பதில் குத்தல் சொல்லுவேன். அக்காவும் கலியாணம் கட்டவில்லை, நானும் கட்டவில்லை. அக்கா கட்டாததற்குக் காரணம் குடும்பப் பொறுப்பு. நான் கட்டாததற்கு என் வாய்தான் காரணம் என்று ஊரில் ஒரு கதை இருக்கிறது. முழுப் பொய் என்று சொல்லமாட்டேன்.

நாட்டில் சண்டை வலுத்த காலத்தில் நாங்களும் படகேறி அக்கரைக்கு, இந்தியாவுக்குப் போனோம். மண்டபம் அகதி முகாமில் பல வருடம் இருந்தோம். அப்பா அங்கேயே கண்மூடினார். வரிசை வரிசையாக வீடுகள், அதற்கெல்லாம் ஒரு தண்ணீர்க் குழாய். விடியமுன் குடம் வைக்கப் போனால் சண்டை பிடித்துத்தான் திரும்ப வேண்டும். அந்த நாட்களில் அக்காவின் வாய் என்னுடையதைவிட மோசம். பின்னாளில் அவரைத் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டீர்கள். ஒரு நாள் குழாயடியில் எல்லோருக்கும் முன்னால் அம்மாவையே ஏசிவிட்டார். ஏசிவிட்டு நாலு நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அந்தக் கிழமை முகாமுக்குப் பூசை வைக்க வந்த சுவாமியிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோது, சொன்ன பாவத்துக்குப் பரிகாரமாக அவர் கொடுத்த அபராதம்தான், அக்காவின் வாழ்க்கை முழுவதும் கூட வந்தது. அதை அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமையில் விடிந்தது முதல் ஆண்டவர் உயிர்விட்ட மூன்று மணி வரை வாயைத் திறக்கக்கூடாது. மூன்று மணி அடித்ததும், அந்தக் கிழமை ஏழு நாளில் யாரோடு மனக்கசப்போ அவர்களோடுதான் முதல் வார்த்தை கதைக்க வேண்டும்.

சுவாமி அதை ஒரு தவக்காலத்துக்கு, நாற்பது நாளுக்குத்தான் கொடுத்தார். அக்கா முப்பது வருடத்துக்கு மேல் கடைப்பிடித்தார். அந்தச் சுவாமிக்கே இது தெரிந்திருந்தால் பயந்திருப்பார்.

முதல் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அம்மாவிடம் போய் நின்றாராம். மன்னிப்புக் கேட்க நா எழவில்லையாம். "சாப்பிட்டியளோ அம்மா?" என்று கேட்டாராம். அம்மா அழுதாராம். அதற்குப் பிறகு அந்தக் கேள்விதான் அவருடைய மன்னிப்பு. யாரோடு கோபித்தாலும் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அக்கா அவர்கள் வீட்டுப் படலை வாசலில் நின்று சாப்பாட்டை விசாரிப்பார். பிழை தன் பக்கமா, மற்றவர் பக்கமா என்று பார்ப்பதில்லை. வேலிச் சண்டையில் இவரைக் கண்டபடி திட்டியவர்களிடமும் போய்க் கேட்டிருக்கிறார். எனக்கு அது பெரிய எரிச்சல். "ஊரார் சாப்பிட்டால் என்ன, பட்டினி கிடந்தால் உங்களுக்கென்ன?" என்று கத்துவேன். சிரிப்பார்.

ஊருக்குத் திரும்பியபின் அம்மாவையும் கடைசிவரை அக்காதான் பார்த்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர். அக்காவின் செபத்துக்குத் தனி இடமோ நேரமோ கிடையாது. அடுப்பு மூட்டும்போது ஒரு செபம், உப்புத் தண்ணீர் கலக்கும்போது ஒன்று. வெயிலில் காயும் கருவாட்டைப் பிரட்டிப் போடும்போது ஒவ்வொரு மீனுக்கும் ஒரு அருள்நிறைந்த மரியே மந்திரம். பெரிய மீன், கட்டாவுக்கும் பாரைக்கும் அது சரி. பொடி மீன் சூடை வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். சூடைக்குக் கைப்பிடிக்கு ஒன்று என்றார். தவக்காலத்தில் ஒருசந்தி பிடிப்பார், மத்தியானம் ஒரு நேரச் சாப்பாடு மட்டும். ஆனால் அடுத்த வீட்டில் மீன் பொரித்துக் கொடுத்துவிட்டால் மறுக்கமாட்டார். அவர்களுக்கு முன்னால் ஒரு துண்டு வாயில் போட்டுவிட்டு, அன்றைக்கு வெற்றிலையை விட்டுவிடுவார்.

வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் கை பாஷைதான். வலது கையை உயர்த்திக் காட்டினால் வாறன் அல்லது போயிட்டு வா. உள்ளங்கையைக் கவிழ்த்தால் கருவாடு இன்னும் காயவில்லை. விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோனால் சாப்பாடு. எங்களிடம் கருவாடு எடுக்க வரும் எருக்கலம்பிட்டி முஸ்லிம் வியாபாரி, நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், இவை எல்லாவற்றையும் பழகிவைத்திருந்தார். வெள்ளிக்கிழமை ஜும்மா முடித்து வந்தால் அவரும் குரலைத் தாழ்த்தித்தான் கதைப்பார்.

ஒன்றை மட்டும் விளங்கிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் நான் செய்த பிழை இதில்தான் தொடங்குகிறது. ஒரு வெள்ளிக்கிழமை அடுத்த வீட்டுக் குழந்தை தவழ்ந்து தவழ்ந்து கிணற்றடிக்குப் போய்விட்டது. கருவாடு பிரட்டிக்கொண்டிருந்த அக்கா கத்திய கத்தலில் அரைவாசி ஊர் கூடிவிட்டது. மௌனம் உடைந்துபோச்சு என்று நான் பகிடி பண்ணினேன். மூன்று மணிக்குப் பிறகு அவர் எனக்குச் சொன்னார், "ஆபத்துக்குக் கூப்பிடாத வாய் என்னத்துக்குப் பிள்ளை? அதை ஆண்டவரும் கேக்க மாட்டார்." ஆகவே ஆபத்தென்றால் அக்கா கூப்பிடுவார் என்பது என் மனதில் பதிந்த விடயம். கூப்பிடவில்லையென்றால் ஆபத்தில்லை.

போன தவக்காலத்தில் அக்காவுக்குப் பிறசர் கூடிக் கூடி வந்தது. ஒருசந்தியை விடச் சொல்லி நானும் கிளினிக்கில் மருந்து தருகிற தாதி மிஸ்ஸியும் சொன்னோம். மருந்துக் குளிசையை ஒழுங்காகப் போட்டார், ஒருசந்தியை விடவில்லை. அந்த வியாழக்கிழமை பின்னேரம் நான் பள்ளிக்கூட வேலையாக மன்னாருக்குப் போய்த் திரும்பும்போது, கடும் வெயிலில் தலையில் துணியும் இல்லாமல் கருவாட்டடியில் நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை. கத்தினேன். அவர் பதில் சொல்லாமல் மீனைப் பிரட்டினார். அன்றைக்கு வெள்ளிக்கிழமைகூட இல்லை. அந்தப் பேசாமைதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்போது சொன்னதை இங்கே எழுதுகிறேன், எழுதக் கை கூசுகிறது.

"உங்கட மௌனம் செபம் இல்லை அக்கா. அது ரோசம். முப்பது வருசமாய் ஊருக்குப் பக்தி காட்டுறியள்."

அக்கா கையில் இருந்த மீனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். கையைச் சீலையில் துடைத்தார்.

"சரி பிள்ளை. நாளைக்கு மூண்டு மணிக்குக் கதைப்பம்."

அக்காவின் வாயிலிருந்து நான் கேட்ட கடைசி வார்த்தைகள் அவைதான். அன்றிரவு நான் கோபத்தில் முந்திப் படுத்துவிட்டேன்.

விடிந்து அக்கா பூசைக்குப் போய்த் திரும்பி வரவும் நான் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படவும் சரியாக இருந்தது. போட்டு வாறன் என்றுகூட நான் சொல்லவில்லை. படலையால் வெளியேறும்போது கடைக்கண்ணால் பார்த்தேன். வலது கையை உயர்த்திக் காட்டிக்கொண்டு நின்றார்.

இரண்டு மணிக்குத் திரும்பி வந்தேன். அக்கா குசினிக்குப் போகும் வாசலுக்கு நேரே தன் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். செபமாலை நிலத்தில் கிடந்தது. அக்கா செபமாலையை நிலத்தில் விடுகிற ஆள் இல்லை. நித்திரைத் தூக்கத்தில் விழுந்திருக்கும் என்று நினைத்து, எடுத்து உதட்டில் ஒற்றி முத்தி செய்து அவர் மடியில் வைத்தேன். கையை உயர்த்தினார். இடது கை. எப்போதும் காட்டுவது வலது கை என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. குசினி மேசையில் இரண்டு சாப்பாட்டுக் கோப்பையில் சோறு போட்டு மூடியிருந்தது. அவருடையதும் அப்படியே இருந்தது. சரி, நான் கத்தினதற்கு இன்றைக்கு அந்த ஒரு நேரத்தையும் விட்டுவிட்டார் என்று நினைத்தேன். பிள்ளைகளுக்குப் படம் காட்டி, இதில் என்ன பிழை என்று கேட்கிற ரீச்சர் நான். என் வீட்டில் மூன்று பிழை கண்ணுக்கு முன்னால் இருந்தது, இரண்டுக்கு நானே காரணம் கண்டுபிடித்தேன், மூன்றாவதைக் கவனிக்கவே இல்லை. அவர் சாப்பிடாவிட்டால் நானும் சாப்பிடமாட்டேன் என்று என் கோப்பையைத் தொடாமல் அறைக்குள் போனேன். அக்கா இருந்த இடத்திலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று மணி வரை நான் செய்தது அறியாமை. அதற்கு ஆண்டவரும் மன்னிப்பார், நீங்களும் மன்னிப்பீர்கள். மூன்று மணிக்குப் பிறகு செய்ததுதான் பாவம்.

கோயில் மணி மூன்று அடித்தது. அந்தக் கிழமை அக்காவுக்கு என்னோடு மட்டும்தான் மனக்கசப்பு. முதல் வார்த்தை எனக்குத்தான் வர வேண்டும். அறைக்குள் கட்டிலில் இருந்துகொண்டு காத்திருந்தேன். வரவில்லை. கால்மணி போனது. அரைமணி போனது. முப்பது வருடத்தில் ஒரு நாளும் தவறாத மனுசி இன்றைக்குத் தவறினால் என்னவோ நடந்திருக்கிறது என்று யாருக்கும் தோன்றியிருக்கும். எனக்குத் தோன்றியது வேறு. என்னை மட்டும் மன்னிக்க அவவுக்கு மனம் வரவில்லை, ஊரெல்லாம் மன்னித்தவ என்னில் மட்டும் ரோசம் பிடிக்கிறா என்று தோன்றியது. எழும்பிப் போய், "என்ன அக்கா?" என்று ஒரு சொல் கேட்டிருந்தால் போதும். பத்து அடி தூரம். நான் போகவில்லை. அவர் முதலில் கதைக்கட்டும் என்று இருந்தேன்.

நாலு மணிக்குச் சீலையை மாற்றிக்கொண்டு, அக்காவைக் கூப்பிடாமலே கோயிலில் சிலுவைப்பாதைச் செபத்துக்குப் புறப்பட்டேன். படலையில் நானா மோட்டார் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தார். அவர்களுக்கும் அப்போது ரமழான் நோன்பு. "உள்ளுக்குத்தான் இருக்கிறா. இண்டைக்கு மூண்டு மணிக்குப் பிறகும் மௌனம்" என்று நக்கலாகச் சொல்லிவிட்டு நடந்தேன். இருபது அடி போயிருக்கமாட்டேன், பின்னால் நானா கத்தினார்.

"ரீச்சர், ஓடி வாங்க. இது மௌனம் இல்ல. அக்காட வாய் இழுக்குது. எங்கட உம்மாக்கும் இப்பிடித்தான் வந்தது."

வந்து பார்த்தேன். இரண்டு மணிக்கும் அந்த வாய் அப்படித்தான் இருந்திருக்கும். நான் முகத்தைப் பார்க்கவே இல்லை.

நானாதான் ஒரு வான் வண்டியைக் கூப்பிட்டார். அவரும் அடுத்த வீட்டு மச்சாளும் அக்காவைத் தூக்கி ஏற்றினார்கள். பன்னிரண்டு மணிக்கு அக்கா கருவாடு பிரட்டினதைக் கண்டேன் என்று மச்சாள் வழியில் சொன்னா. அஞ்சு மணிக்கு ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்டது ஒரேயொரு கேள்வி. "கடைசியாய் எத்தினை மணிக்கு வடிவாய்க் கதைச்சவ?" நேற்றுப் பின்னேரம் என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். வெள்ளிக்கிழமை அவ கதைக்கமாட்டா என்று விளக்கம் சொல்லத் தொடங்கி, மச்சாளைப் பார்த்தேன். மச்சாள் மத்தியானம் கண்டதைச் சொன்னா. இப்படிப் பக்கம் இழுக்கிற பாரிசவாதத்துக்கு நேரத்தோடு வந்தால் செய்து பார்க்கிற வைத்தியம் ஒன்று இருக்கிறதாம், அந்த நேரம் தாண்டிவிட்டதாம். வந்திருந்தாலும் நிச்சயம் சொல்ல ஏலாது அம்மா என்று அந்த டொக்டர் ஆறுதலாகச் சொன்னார். நல்ல பிள்ளை. ஆனால் எனக்குக் கணக்குத் தெரியும். இரண்டு மணிக்கு நேரம் இருந்தது. மூன்று மணிக்கும் இருந்தது.

அக்கா பதினொரு நாள் இருந்தார். பேச்சு வரவில்லை, வலது பக்கம் அசையவில்லை. சில நேரம் ஆட்களை அடையாளம் கண்டார், சில நேரம் இல்லை. நான் கட்டிலடியில் நின்றேன். சாப்பாடு இறங்கவில்லை, யார் கொண்டுவந்து தந்தாலும் பக்கத்துக் கட்டில்காரருக்குக் கொடுத்துவிடுவேன். அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு அக்கா நல்லாக விழித்திருந்தார். கண் தெளிவாக இருந்தது. அவர் காதடியில் குனிந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"அக்கா, நான் ரெண்டு மணிக்கே கண்டனான். நீங்கள் ரோசத்தில இருக்கிறியள் எண்டு நினைச்சு நானும் ரோசத்தில இருந்திட்டன். நான் வரேல்லை அக்கா. பக்கத்தில இருந்தும் வரேல்லை."

அவர் கண் என் முகத்தைவிட்டு அசையவில்லை. சுவரில் மணிக்கூடு மூன்றைத் தாண்டி இரண்டு மூன்று நிமிடம் இருக்கும். அக்காவின் இடது கை படுக்கையிலிருந்து மெல்ல எழும்பியது. விரல்கள் குவிய மாட்டாமல் குவிந்தன. தன் வாய்க்குக் கொண்டுபோகிறார், தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்தேன். கை அந்தப் பக்கம் போகவில்லை. என் வாய்க்கு வந்தது. என் உதட்டில் தொட்டுக்கொண்டு நின்றது. சாப்பிட்டியே என்று கேட்டார்.

முதல் நாள் காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. "ஓம் அக்கா, சாப்பிட்டனான்" என்றேன். அவர் கையை இறக்கிக்கொண்டு கண்ணை மூடினார். அதற்குப் பிறகு அவருக்குத் தெளிவு வரவில்லை. செவ்வாய்க்கிழமை விடியப் போய்விட்டார். நான் சொல்லி அவர் கேட்ட கடைசிச் சொல் பொய். அக்காவுக்குப் பொய் பிடிக்காது.

இதுதான் நடந்தது. இப்போது நன்றி சொல்ல வேண்டும். நோன்போடு நின்று, பொழுதுபட்டு மஃரிபுத் தொழுகை நேரத்துக்கு ஆஸ்பத்திரிக் குழாய்த் தண்ணீரால் நோன்பு திறந்து, எங்களை விட்டுப் போக மனமில்லாமல் வாசலில் இருந்த நானாவுக்கு நாங்கள் என்றைக்கும் கடமைப்பட்டவர்கள். பதினொரு நாளும் எங்கள் வீட்டு விளக்கையும் வெயிலில் கிடந்த கருவாட்டையும் பார்த்த மச்சாளுக்கும், அக்காவைத் திருப்பிப் படுக்கவைத்துத் துடைத்த மிஸ்ஸிமாருக்கும், அந்த டொக்டருக்கும், கடைசி நேரத்தில் அவஸ்தைப் பூசுதல் கொடுத்த பங்குச் சுவாமிக்கும், சேமக்காலைக் கல்லறை வரை தோள் கொடுத்த ஊர்ப் பொடியளுக்கும், தூரத்திலிருந்து அழுத உறவுகளுக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி. நீங்கள் அழுத அழுகை உண்மையானது. நான் சொன்ன கதைதான் பிழை. அதற்கு உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

தம்பி, இதை அச்சுக்குக் கொடுக்கும்வரை உனக்கும் சொல்லவில்லை. நீ என்னோடு கதைக்காமல் விடலாம். அது உன் நியாயம். ஆனால் வெள்ளிக்கிழமை எங்கள் மூன்று மணிக்கு உன் ரெலிபோன் அடிக்கும். அங்கே விடிந்திருக்காது, எழும்பி எடு. நான் உன்னிடம் ஒன்றுதான் கேட்பேன், என்ன என்று உனக்குத் தெரியும்.

மௌனம் எனக்குச் சரிவரவில்லை. முயன்று பார்த்தேன், முதல் பாடம் முடியமுன்னே வாய் திறந்துவிட்டது. அக்காவின் ஒழுங்கில் பின்பாதியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், ஒரு கோப்பைச் சோறு போட்டு அக்காவின் கதிரைக்கு எதிரே இருக்கிறேன். சில நாள் தொண்டையால் இறங்காது. தண்ணீரைக் குடித்துக் குடித்தாவது மணி அடிக்கமுன் முடித்துவிடுவேன். கோயில் மணி மூன்று அடித்ததும், கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே சொல்லுகிறேன்:

"ஓம் அக்கா, சாப்பிட்டனான்."